மீன்பிடியும் குளிர்காலக் கடற்பறவைகளும்: வாடன் கடல், பால்டிக் கடல் ஆகியவற்றை ஆதாரமாகக் கொண்ட ஓர் ஆய்வு

மனித நடவடிக்கைகள் சூழற்றொகுதிகளில் ஏற்படுத்தும் தாக்கம் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும் மாணவர்கள், "மீன்பிடி அதிகரித்தது, எனவே பறவைகள் குறைந்தன" என ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவதுண்டு. இவ்விடை தவறானதன்று. ஆயினும் முழுப் புள்ளியைப் பெறுவதற்கு இது போதாது. மீன்பிடி எவ்வழியால் பறவையைப் பாதித்தது, ஏன் குறிப்பாகக் குளிர்காலத்தில் பாதித்தது, வேறு காரணிகள் இருந்தனவா என்பவற்றையும் காட்டுதல் வேண்டும். இப்பகுதியில் நெதர்லாந்தின் வாடன் கடலில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சற்று விரிவாகவும், பால்டிக் கடலின் நிலையை அதற்கு ஒப்பீடாகவும் நோக்குவோம். இவற்றை ஒழுங்காக விளங்கிக்கொண்டால் உணவுச் சங்கிலி, குடித்தொகை, வளங்களின் நிலைபேறான பயன்பாடு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் உதாரணம் கிடைத்துவிடும்.

குளிர்காலம் ஏன் முக்கியமானது?

வட துருவத்தை அண்டிய தூந்திரப் பிரதேசங்களிலும் ஸ்கண்டிநேவிய நாடுகளின் கரைகளிலும் கோடையில் இனப்பெருக்கம் செய்யும் பறவைகள், நீர் உறையத் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. மன்னார், யாழ்ப்பாணக் களப்புகளுக்கு ஆண்டிறுதியில் வலசைப் பறவைகள் வந்து சேர்வதை எம்மில் பலர் கண்டிருப்போம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. எமது நாட்டுக்கு வரும் பறவை வெப்பமான இடத்திற்கு வருகின்றது. வட ஐரோப்பாவில் தங்கும் கடல் வாத்தோ குளிரை விட்டு முற்றாக நீங்குவதில்லை; உறையாத கடலைத் தேடி மட்டுமே வருகின்றது. அங்கும் நீரின் வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கி நிற்கும்.

இக்காலத்தில் பறவையின் சக்தித் தேவை உயர்கின்றது. உடல் வெப்பநிலையைப் பேணுவதற்கே உணவின் பெரும்பகுதி செலவாகின்றது. அதேவேளை பகல் குறுகியது. டிசம்பர் மாதத்தில் பால்டிக் பிரதேசத்தில் ஏழு மணித்தியாலம் அளவிலேயே வெளிச்சம் கிடைக்கும். இரையும் எளிதில் அகப்படாது; சேற்றில் வாழும் புழுக்களும் சில மட்டி இனங்களும் குளிரில் ஆழமாகப் புதைந்துவிடுகின்றன. எனவே தேவை கூடும்போது கிடைப்பது குறைகின்றது. கோடையில் ஒரு பறவை பட்டினி கிடந்தால் வேறிடம் செல்லலாம். பெப்ரவரி மாதத்தில் பட்டினி கிடக்கும் பறவைக்குப் பறந்து செல்வதற்கு வேண்டிய கொழுப்பும் இருக்காது, சென்றடைவதற்கு இடமும் பெரும்பாலும் இருக்காது.

இன்னுமொரு விடயத்தை மனதிற் கொள்க. பெரும்பாலான கடற்பறவைகள் நீண்டகாலம் வாழ்பவை. பிந்திய வயதிலேயே இனப்பெருக்கத்தைத் தொடங்குபவை. குஞ்சுகளிலும் சிலவே தப்பிப் பிழைக்கும். சிப்பிபிடிப்பான் என்னும் கரையோரப் பறவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தமை வளையமிடல் மூலம் அறியப்பட்டுள்ளது. இவ்வகைப் பறவையின் குடித்தொகையைத் தாங்குவது முட்டைகளின் எண்ணிக்கையன்று, வளர்ந்த பறவைகளின் தப்பிப்பிழைத்தலே ஆகும். ஒரு கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த பறவைகள் 100 இல் ஆண்டுதோறும் 5 இறக்குமாயின், ஒரு வளர்ந்த பறவை சராசரியாக 20 ஆண்டுகள் வாழும். 10 இறக்குமாயின் சராசரி 10 ஆண்டுகளாகும். நூற்றுக்கு ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தோன்றினாலும், ஒரு பறவையின் வாழ்நாள் இனப்பெருக்கப் பருவங்கள் அதனால் பாதியாகிவிடுகின்றன. குளிர்கால மரணங்கள் பெரும்பாலும் வளர்ந்த பறவைகளையே தாக்குகின்றமையால் இக்கணக்கு மிக முக்கியமானது.

வாடன் கடல்: மட்டி யாருக்கு?

நெதர்லாந்து, ஜேர்மனி, டென்மார்க் ஆகிய மூன்று நாடுகளின் கரையோரமாக ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளத்திற்கு வாடன் கடல் பரந்துள்ளது. வற்றுக் காலத்தில் கடல் பின்வாங்க மணலும் சேறும் கலந்த அகன்ற திடல்கள் வெளிப்படும். பெருக்கில் அவை மீண்டும் மூழ்கும். இது நாளொன்றுக்கு இரு தடவை நிகழ்கின்றது. ஆண்டுதோறும் 10 முதல் 12 மில்லியன் வரையான பறவைகள் இதனூடாகச் செல்கின்றன அல்லது இங்கு தங்குகின்றன. நெதர்லாந்து, ஜேர்மனி ஆகியவற்றின் பகுதிகள் 2009 ஆம் ஆண்டிலும் டென்மார்க்கின் பகுதி 2014 ஆம் ஆண்டிலும் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இத்திடல்களில் மட்டிகளும் நீலச் சிப்பிகளும் பெருமளவில் வளர்கின்றன. அவற்றை நம்பிக் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகளுள் இரண்டைப் பரீட்சைக்காக நினைவில் வைத்திருத்தல் போதுமானது. ஒன்று ஈடர் வாத்து. ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் நிறையுடைய இக்கடல் வாத்து மூழ்கிச் சென்று சிப்பியை ஓட்டுடனேயே விழுங்கி, தனது வலிமையான அரைப்பையில் நொறுக்கிச் சமிபாடடையச் செய்கின்றது. ஓட்டையும் உப்பு நீரையும் சேர்த்தே விழுங்குவதால், சதை நிறைந்து ஓடு மெல்லியதாக உள்ள சிப்பியே அதற்கு இலாபமானது. மற்றையது சிப்பிபிடிப்பான். நீண்ட சிவந்த அலகுடைய இப்பறவை வற்று நேரத்தில் திடலில் நடந்து திரிந்து, ஓட்டைத் திறந்து சதையை மட்டும் உண்கின்றது. ஆகவே ஒன்று நீருக்குள்ளும் மற்றையது நிலத்திலும் தேடினாலும் இரண்டும் ஒரே இரையிலேயே தங்கியுள்ளன.

அதே இரையை மனிதனும் நாடினான். நெதர்லாந்தில் எடுக்கப்பட்ட மட்டி பெரும்பாலும் ஸ்பெயின் போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதியானது. முன்னாளில் வற்று நேரத்தில் வாரி கொண்டு கையாற் சேகரித்தனர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இயந்திரக் கலங்கள் வந்தன. கலத்தின் பக்கமாக இறக்கப்படும் உறிஞ்சு கருவி, வலுவான நீர்த்தாரையால் அடித்தரையின் மேற்படையைச் சில சென்ரிமீற்றர் ஆழத்திற்குக் கிளறி, மட்டியைக் கலத்திற்கு உறிஞ்சி எடுக்கின்றது. சிறியவை சல்லடையினூடாக மீண்டும் கடலில் விழுகின்றன.

இதன் பாதிப்பு எடுக்கப்பட்ட மட்டியுடன் நின்றுவிடுவதில்லை. கிறீண்ட் என்னும் சிறு தீவைச் சூழவுள்ள திடல்களில் 1988 இல் மட்டி உறிஞ்சப்பட்டது. அதனை ஆராய்ந்தவர்கள், நுண்ணிய சேறு கழுவப்பட்டு அடித்தரை பருமணலாக மாறியதையும், இளம் மட்டிகள் அங்கு குடியேறுவது குறைந்ததையும் கண்டனர். அடித்தரை பழைய நிலையை அடைய 1996 வரை, அதாவது எட்டு ஆண்டுகள் சென்றன. எமது கடற்பரப்பில் அடித்தரையைக் கிளறும் இழுவைமடித் தொழில் 2017 ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்யப்பட்டமைக்குச் சொல்லப்பட்ட காரணங்களையும் இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

1990 இல் நிகழ்ந்தது

1980களின் இறுதியில் வாடன் கடற் பகுதியில் தொடர்ந்து சில குளிர்காலங்கள் மிதமாக இருந்தன. மிதமான குளிர்காலம் பறவைகளுக்கு நல்லதுதானே என மாணவர்கள் எண்ணக்கூடும். உடனடியாகப் பார்த்தால் அது சரி. ஆனால் கடுங்குளிர் ஏற்படும்போது இளம் மட்டியைத் தின்னும் நண்டும் இறாலும் குறைவடைவதால், அதனை அடுத்து வரும் கோடையில் மட்டிக் குஞ்சுகள் பெருகுகின்றன. மிதமான குளிர்காலங்களின் பின் புதிய மட்டியும் சிப்பியும் போதியளவு உருவாகவில்லை. இருந்த பழைய இருப்பின் மீது மீன்பிடி வழமைபோலத் தொடர்ந்தது. விளைவாக, 1990 அளவில் நெதர்லாந்துப் பகுதித் திடல்களிலிருந்த சிப்பிப் படுகைகள் ஏறத்தாழ முற்றாக மறைந்தன. அடுத்த குளிர்காலத்தில் ஈடர் வாத்துகளும் சிப்பிபிடிப்பான்களும் பெருமளவில் இறந்தன.

மாணவர்கள் இங்கு கவனிக்க வேண்டியது யாதெனில், இயற்கைக் காரணி, மனிதக் காரணி ஆகியவற்றுள் ஒன்றை மட்டும் தெரிவுசெய்து எழுதுவது குறைபாடான விடையாகும். இயற்கை இருப்பைக் குறைத்தது. குறைந்த இருப்பிலிருந்தும் மீன்பிடி எடுத்தது. இரண்டும் ஒரே திசையில் செயற்பட்டன.

அரசு 1993 இல் புதிய கொள்கையொன்றை நடைமுறைப்படுத்தியது. திடல்களில் ஏறத்தாழ காற்பங்கு நிரந்தரமாக மூடப்பட்டது. மட்டி குறைந்த ஆண்டுகளில் பறவைகளின் உணவுத் தேவையில் 60 சதவீதத்தை அவற்றுக்கென ஒதுக்கிவைப்பது எனவும் தீர்மானிக்கப்பட்டது. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகின்றது. ஆனால் அதில் ஒரு பிழையான எடுகோள் இருந்தது.

ஒரு பறவை குளிர்காலம் முழுவதும் உண்ணும் உணவின் அளவு ஒன்று. அப்பறவை உயிர் தப்புவதற்குத் திடலில் இருக்க வேண்டிய உணவின் அளவு வேறொன்று. இவ்விரண்டும் சமமல்ல. ஏன்? சில மட்டிகள் பறவை அடைய முடியாத ஆழத்தில் இருக்கும். சில, வற்று மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் இடங்களில் இருக்கும். அடர்த்தி குறைந்தால் தேடுவதற்கே சக்தி செலவாகும். நல்ல இடங்களில் வலிய பறவைகள் மெலிந்தவற்றைத் துரத்திவிடும். மட்டியும் குளிர்காலத்தில் தன் சதையை இழந்து மெலியும். சிப்பிபிடிப்பான் போன்ற கரையோரப் பறவைகள் பற்றி 2004 இல் வெளியான ஓர் ஆய்வு, பறவைகள் உண்மையில் உண்ணும் அளவைப் போல் 2.5 மடங்கிலிருந்து ஏறத்தாழ 8 மடங்கு வரை உணவு பருவத் தொடக்கத்தில் இருந்தாலே அவற்றின் தப்பிப்பிழைத்தல் பாதிக்கப்படாது எனக் காட்டியது. அவ்வாறாயின் 60 சதவீதம் என்பது எவ்வளவு குறைவானது என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். நூறு பேர் தங்கும் விடுதியில் நூறு பேருக்குரிய சோற்றுப் பொதிகளைப் பல அறைகளிற் பூட்டி வைத்துவிட்டு, கண்டுபிடித்தவர் உண்ணலாம் என்று சொல்வது போன்றது அது.

21,000 வாத்துகள்: காரணம் யாது?

1999 - 2000 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் வாடன் கடற் கரையில் ஈடர் வாத்துகள் மீண்டும் கூட்டங்கூட்டமாக இறந்து ஒதுங்கின. இறந்தவை ஏறத்தாழ 21,000 என மதிப்பிடப்பட்டது. இது ஒரு நல்ல பயிற்சிக் களமாகும்; ஏனெனில் காரணம் பற்றி உடனடியாக ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.

இறந்த பறவைகளின் குடலில் முட்தலைப் புழு எனப்படும் ஒட்டுண்ணிகள் பெருமளவிற் காணப்பட்டன. எனவே இது நோய், மீன்பிடிக்கு இதில் தொடர்பில்லை எனக் கூறுவது இலகுவாக இருந்தது. ஆனால் உடல்களை மேலும் ஆராய்ந்தபோது தோலின் கீழ்க் கொழுப்பு தீர்ந்து, நெஞ்சுத் தசையும் கரைந்திருந்தமை தெரிந்தது. உடல் முதலிற் கொழுப்பையும் பின்னர் தசையையும் எரிப்பது பட்டினியின் அடையாளமாகும். அப்படியாயின் புழு எங்கிருந்து வந்தது? அப்புழுவின் இடைநிலை விருந்துவழங்கி கரை நண்டாகும். சிப்பி கிடைக்காத வாத்து நண்டைத் தின்னத் தள்ளப்படும். நண்டைத் தின்றால் புழு தொற்றும். ஆகவே ஒட்டுண்ணி இருந்தமை உணவுப் பற்றாக்குறையை மறுக்கும் சான்றன்று, அதனுடன் பொருந்தி வருவதே ஆகும்.

மேலும் ஒரு சான்று உண்டு. வாடன் கடலில் சிப்பியும் மட்டியும் குறையும் ஆண்டுகளில் ஈடர் வாத்துகள் தீவுகளுக்கு அப்பாலுள்ள வட கடலுக்குச் சென்று அங்குள்ள வேறொரு வகை மட்டியை உண்பது வழக்கம். அந்தக் குளிர்காலத்தில் அவ்விருப்பும் மீன்பிடிக்கு உட்பட்டுக் குறைந்திருந்தது. முதலாவது உணவும் இல்லை, மாற்று உணவும் இல்லை. 2002 இல் வெளியான ஆய்வு, இம்மரணங்களுக்குப் பட்டினியே காரணம் என முடிவு செய்தது.

காரணத்தையும் உடன்நிகழ்வையும் வேறுபடுத்தி அறிதல் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது. வினாத்தாளில் தரவுப் பகுதி தரப்படும்போது முதலில் கண்ணிற்படும் காரணியை எழுதிவிடாமல், அக்காரணியே வேறொன்றின் விளைவாக இருக்கலாமா எனச் சிந்திக்கவும்.

நீதிமன்றமும் தடையும்

வாடன் கடற் பாதுகாப்புச் சங்கமும் நெதர்லாந்துப் பறவைப் பாதுகாப்புச் சங்கமும் மட்டிபிடி அனுமதிகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தன. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. 2004 செப்ரெம்பர் 7 ஆம் திகதி வழங்கப்பட்ட தீர்ப்பின் சாரம் பின்வருமாறு: பாதுகாக்கப்பட்ட இடமொன்றில் ஒரு நடவடிக்கைக்கு அனுமதி வழங்க வேண்டுமாயின், அது அவ்விடத்தைப் பாதிக்காது என்பதில் நியாயமான விஞ்ஞானச் சந்தேகம் எதுவும் எஞ்சியிருத்தல் ஆகாது. ஆண்டுதோறும் வழங்கப்படும் அனுமதியும் ஒவ்வொரு முறையும் இவ்வாறு பரிசீலிக்கப்படல் வேண்டும். அதாவது, தீங்கு விளையும் என்று பறவை ஆர்வலர் நிரூபிக்கும் வரை காத்திராமல், தீங்கு விளையாது என்பதே முதலில் உறுதியாக வேண்டும். இதனை முன்னெச்சரிக்கைக் கோட்பாடு என்பர். இச்சொல்லை விடையிற் சரியான இடத்தில் பயன்படுத்துதல் விரும்பத்தக்கது.

2005 ஆம் ஆண்டு முதல் நெதர்லாந்தின் வாடன் கடலில் இயந்திர முறை மட்டிபிடி நிறுத்தப்பட்டது. கலங்களின் உரிமையாளருக்கு 100 மில்லியன் யூரோவிற்கும் மேற்பட்ட நட்டஈடு வழங்கப்பட்டது. கையால் வாரி எடுக்கும் முறை கட்டுப்பாடுகளுடன் தொடர அனுமதிக்கப்பட்டது. அதே காலத்தில் வாடன் கடலின் அடியிலிருந்து இயற்கை வாயு எடுப்பதற்கு இடமளிக்கும் தீர்மானமும் சேர்ந்தே எடுக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சூழற் கொள்கைகள் தனியே பறவைகளை மட்டும் கருதி எழுதப்படுவதில்லை.

தடையின் பின் எல்லாம் சீராகிவிட்டது என எழுதுதல் தவறாகும். சிப்பிபிடிப்பான், ஈடர் வாத்து ஆகியவற்றின் எண்ணிக்கை அங்கு முன்னைய நிலைக்குத் திரும்பவில்லை. அந்நிய இனமான பசிபிக் சிப்பி பல படுகைகளில் பரவியுள்ளது; அதன் தடித்த ஓட்டை இப்பறவைகளால் இலகுவில் வெல்ல முடியாது. இனப்பெருக்க இடங்களிலும் பிரச்சினைகள் உள்ளன. சிப்பிபிடிப்பான் முட்டையிடும் புல்வெளிகளில் விவசாயம் தீவிரமடைந்துள்ளது. ஒரு காரணியை நீக்கினால் அக்காரணியால் வரும் பாதிப்பு மட்டுமே நீங்கும்.

பால்டிக் கடல்: கண்ணுக்குத் தெரியாத வலை

வாடன் கடலில் பறவையின் உணவு பறிக்கப்பட்டது. பால்டிக் கடலில் பறவையே பிடிபடுகின்றது. இது துணைப்பிடி எனப்படும். அதாவது, இலக்கு வைக்கப்படாத உயிரினம் வலையில் அகப்படுதல்.

தூந்திரத்தில் இனப்பெருக்கம் செய்யும் நீள்வால் வாத்துகளின் பெருங்கூட்டம் குளிர்காலத்தைப் பால்டிக் கடலின் ஆழங்குறைந்த மேடைகளிற் கழிக்கின்றது. சுவீடனின் கொட்லாந்து தீவுக்குத் தெற்கேயுள்ள மேடைகள், றீகா வளைகுடா, பொமரேனியக் குடா ஆகியன குறிப்பிடத்தக்க இடங்களாகும். ஆழங்குறைந்த நீரில் சிப்பியும் உண்டு, மீனும் உண்டு. ஆகவே மீனவர் தமது செவுள் வலைகளையும் அங்கேயே விடுகின்றனர். நைலோன் ஒற்றையிழையால் ஆன வலை நீருக்குள் கட்புலனாகாது. மீனுக்குத் தெரியாத வலை மூழ்கும் வாத்துக்கும் தெரியாது. சிக்கிய வாத்து மேலே வர முடியாமல் மூச்சுத்திணறி இறக்கின்றது.

பால்டிக், வட கடல் ஆகியவற்றில் ஆண்டுதோறும் 100,000 முதல் 200,000 வரையான நீர்ப்பறவைகள் இவ்வாறு இறக்கலாம் என 2009 இல் வெளியான ஒரு மீளாய்வு மதிப்பிட்டது. உலக அளவில் செவுள் வலைகளில் ஆண்டுக்குக் குறைந்தது 400,000 பறவைகள் இறப்பதாக 2013 இல் மதிப்பிடப்பட்டது. பால்டிக்கில் குளிர்காலத்தைக் கழிக்கும் நீள்வால் வாத்துகளின் தொகை 1992 - 1993 இல் 4.27 மில்லியனாக இருந்து 2007 - 2009 காலத்தில் 1.48 மில்லியனாக வீழ்ச்சியடைந்தது. 2012 இல் இவ்வினம் அழிவாபத்தை எதிர்நோக்கும் இனங்களின் சர்வதேசச் செந்நிறப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வீழ்ச்சி முழுவதற்கும் வலையே காரணம் எனக் கூற முடியாது. கப்பல்கள் வெளியேற்றிய எண்ணெய் இறகுகளிற் படிந்து இறந்தவையும் ஏராளம். தூந்திரத்தில் குஞ்சு பொரித்தலும் குறைந்தது.

இங்கு குற்றஞ்சாட்டப்படுவோர் பாரிய நிறுவனங்கள் அல்லர். பெரும்பாலும் சிறு படகுகளில் கரையோரமாகத் தொழில் செய்யும் குடும்பங்களே. வாத்து சிக்கினால் வலை கிழிகின்றது, அதனை எடுத்து அகற்றுவதற்கு நேரமும் வீணாகின்றது. எனவே மீனவருக்கும் அது நட்டமே. கிழக்குப் பால்டிக் கொட் மீன் வளம் வீழ்ச்சியடைந்ததால் 2019 முதல் அதனை இலக்காகக் கொண்ட மீன்பிடிக்கும் தடை வந்தது. வருமானம் சுருங்கிய ஒருவரிடம் வலையையும் மாற்று என்று சொல்வது இலகுவானதன்று. வலையில் ஒளிவிளக்கும் நிறத்தகடும் பொருத்திப் பரீட்சித்தனர். 2019 இல் வெளியான முடிவுகளின்படி பறவை மரணம் குறையவில்லை. மீன் கூடுகளைப் பயன்படுத்தல், வாத்துகள் கூடும் மாதங்களில் அம்மேடைகளை மூடுதல் என்பனவே எஞ்சிய வழிகளாகும்.

தூண்டில் தொழிலில் நிலைமை வேறு. நீள்தூண்டிலின் இரையை நீரில் மூழ்குமுன் கொத்த வரும் அல்பட்ரோஸ் போன்ற பறவைகளைத் தடுக்க, பறவை வெருட்டும் நாடாக்கள், பாரமேற்றிய கயிறு, இரவில் தூண்டில் விடுதல் ஆகிய மூன்றும் நன்கு பயனளித்துள்ளன. தென் அத்திலாந்திக்கிலுள்ள தென் ஜோர்ஜியாத் தீவைச் சூழ 1990களில் ஆயிரக்கணக்கில் இறந்த நிலை மாறி, இன்று அங்கு மரணம் மிக அரிதாகிவிட்டது. அங்கு செய்யப்பட்ட இன்னொரு மாற்றம், அல்பட்ரோஸ்கள் பெரும்பாலும் தீவை விட்டு நீங்கியிருக்கும் குளிர்காலத்திற்கு மீன்பிடிப் பருவத்தை மாற்றியமையாகும். பால்டிக்கில் பறவைகள் வந்து கூடும் பருவமே குளிர்காலம் என்பதால் அத்தீர்வை அப்படியே அங்கு கொண்டுசெல்ல முடியாது.

மீன்பிடியால் நன்மை பெறும் பறவைகளும் உண்டு. வட கடலில் இழுவைப் படகுகள் வேண்டாமென எறியும் சிறு மீன்களையும் குடல்களையும் நம்பிக் கடற்காகங்கள் பல குளிர்காலத்தைக் கழித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2015 - 2019 காலத்தில் படிப்படியாக இவ்வாறு எறிவதைக் கட்டுப்படுத்தியது. எறியப்படும் மீன் குறைந்தபோது பெரும் ஸ்குவா போன்ற வலிய பறவைகள் ஏனைய கடற்பறவைகளை வேட்டையாடத் திரும்பியமை அதற்கு முன்னரே அவதானிக்கப்பட்டிருந்தது.

மாதிரி வினாவும் விடையும்

வினா: பால்டிக் கடலில் நீள்வால் வாத்துகளின் தொகை 4.27 மில்லியனிலிருந்து 1.48 மில்லியனாகக் குறைந்தது. (அ) குறைவின் சதவீதத்தைக் கணிக்குக. (ஆ) இக்குறைவுக்குச் செவுள் வலைகளே காரணம் என ஒரு மாணவன் கூறுகின்றான். இக்கூற்றை விமர்சிக்குக.

விடை: (அ) குறைவு 4.27 – 1.48 = 2.79 மில்லியன். சதவீதம் 2.79 ÷ 4.27 × 100 = 65.3, அதாவது ஏறத்தாழ 65 சதவீதம். சிலர் 1.48 ஆல் வகுத்துவிடுகின்றனர். ஆரம்பத் தொகையாலேயே வகுத்தல் வேண்டும்.

(ஆ) வாத்துகள் இரை தேடும் ஆழங்குறைந்த மேடைகளிலேயே வலைகளும் விடப்படுவதாலும், இறப்பவற்றுள் இனப்பெருக்கம் செய்யும் வளர்ந்த பறவைகள் அடங்குவதாலும் வலை ஒரு முக்கிய காரணி என ஏற்கலாம். ஆயினும் எண்ணெய்க் கசிவால் ஏற்படும் மரணம், தூந்திரத்தில் குஞ்சுகள் குறைதல் என்பனவும் அதே காலத்தில் செயற்பட்டன. தொகை குறைந்தமை மட்டும் காரணத்தை நிறுவாது. வலைகளில் ஆண்டுதோறும் இறப்பவை எத்தனை, அவற்றுள் வளர்ந்தவை எத்தனை என்னும் தரவு வேண்டும். கூற்று ஓரளவுக்கே ஏற்கத்தக்கது.

"விமர்சிக்குக" என்னும் வினாச்சொல் வரும்போது கூற்றுக்கு ஆதரவான கருத்து, எதிரான கருத்து, உமது தீர்மானம் ஆகிய மூன்றும் இடம்பெற வேண்டும். தீர்மானம் எழுதப்படாத விடை நீளமாக இருந்தும் பயனில்லை.

பயிற்சி

1. இயந்திர முறை மட்டிபிடி நிறுத்தப்பட்ட பின்னரும் பல ஆண்டுகளுக்குத் திடல்களில் மட்டி குறைவாகவே இருக்கக்கூடும். கிறீண்ட் தீவின் உதாரணத்தைக் கொண்டு காரணம் தருக.

2. இறந்த ஈடர் வாத்துகளின் குடலில் ஒட்டுண்ணிகள் காணப்பட்டன. இதனை மட்டும் கொண்டு "நோயே காரணம்" என முடிவு செய்தல் ஏன் பொருத்தமற்றது?

3. கரையோரப் பறவைகள் ஒரு குளிர்காலத்தில் 1,000 தொன் மட்டியை உண்கின்றன எனக் கொள்க. தேவை 2.5 மடங்கு எனின் பருவத் தொடக்கத்தில் இருக்க வேண்டிய மட்டி எவ்வளவு? உண்ணும் அளவின் 60 சதவீதம் மட்டும் ஒதுக்கப்பட்டு, ஏனைய மட்டி முழுவதும் பிடிக்கப்பட்டால் பற்றாக்குறை எவ்வளவு?

4. நீர் ஒரு மட்டிபிடிக் கலத்தின் உரிமையாளர் எனக் கொண்டு 2004 ஆம் ஆண்டின் தீர்ப்புக்கு எதிராக இரு நியாயங்களை எழுதுக. பின்னர் அவற்றுள் ஒன்றுக்குப் பதிலளிக்குக.